பழவேற்காட்டு இறாலும் ஜப்பானிய உணவகமும்

சென்னையில் ஜப்பானிய உணவகம் நிலைபெற்றுச் சுமார் ஒரு தலைமுறைக் காலமே ஆகிறது. ஆனால் சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களுக்கும் ஜப்பானியரின் உணவு மேசைக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், பழவேற்காடு முதலிய ஊர்களின் பக்கத்து நீரில் வளர்ந்த இறால், சென்னைவாசிகள் சுஷி என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே குளிர்பதனப் பெட்டிகளில் ஜப்பானுக்குச் சென்றது. அந்த வணிகம் ஏரியின் மீன்பிடி முறையையும், கரை நிலத்தின் பயன்பாட்டையும், மீனவரின் வருமானத்தையும் மாற்றியது. பின்னர் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஏரிக்கு அருகிலேயே வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஜப்பானிய உணவும் வந்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொகுத்துக் கூறுகிறது.

ஏரியும் ஊர்களும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஆரணியாறு, காளங்கி ஆறு, சுவர்ணமுகி ஆகியவற்றின் நீர் இதற்கு வருகிறது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. சுண்ணாம்புக்குளம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஊர்.

மடவை, கொடுவா, சேற்று நண்டு, வெள்ளை இறால், புலி இறால் ஆகியவை இந்த ஏரியின் பெயர் பெற்ற உயிர்கள். இறாலின் வாழ்க்கை முகத்துவாரத்தைச் சார்ந்தது. தாய் இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வரும். சேறும் இரையும் நிறைந்த ஆழமற்ற நீரில் சில மாதங்கள் வளர்ந்து, முதிர்ச்சி அடைவதற்காக மீண்டும் கடலுக்குத் திரும்பும். எனவே முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனால் அடுத்த பருவத்தில் வலையில் இறால் குறையும். ஏரி மீனவர் முகத்துவாரத்தைப் பற்றி எப்போதும் கவலைப்படுவதற்கு இதுவே காரணம்.

ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் 'பாடு' என்ற ஊர்முறை ஒழுங்கு செய்தது. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் தனித்தனிப் பாடுகளாக அடையாளம் காணப்பட்டன. உரிமை பெற்ற குடும்பங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து அவற்றில் வலையிட்டன. இதனால் நல்ல இடம் ஒருவரிடமே தங்காமல் சுற்றி வந்தது. வலையும் படகும் இல்லாத இருளர் குடும்பங்கள் ஆழமற்ற நீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடித்தன. பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவது அவர்களின் முறை. இன்றும் எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் இதைக் காணலாம்.

டச்சுக்காரர் காலத் தொடர்பு

பழவேற்காட்டுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான முதல் வணிகத் தொடர்பு உணவில் ஏற்பட்டதன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609இல் ஜப்பானின் ஹிராடோ துறைமுகத்தில் தன் கிடங்கை நிறுவியது. ஏறக்குறைய அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் காலூன்றி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகத்துக்குப் பழவேற்காடே மையமாக இருந்தது. 1641இல் ஜப்பானிய அரசு டச்சுக்காரரை நாகசாகியின் தேஜிமா தீவுக்கு மாற்றியது. அதன்பின் ஜப்பானோடு வணிகம் செய்ய அனுமதி பெற்ற ஒரே ஐரோப்பியர் அவர்களே.

இந்த இரண்டு கிடங்குகளும் ஒரே வலையமைப்பில் இருந்தன. ஜப்பானின் செம்பு சோழமண்டலக் கரையில் விற்கப்பட்டது. இக்கரையின் பருத்தித் துணி கிழக்கே சென்றது. ஜப்பானிய மொழியில் கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு வழங்கும் 'சந்தோமே' என்ற பெயர், மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்ற பெயரிலிருந்து வந்தது. கரைநாட்டு ஊர்ப் பெயர் ஒன்று ஜப்பானியத் துணிக்கடைச் சொல்லாக நிலைத்துவிட்டது.

உணவிலும் இக்காலத்தின் தடம் ஒன்று உண்டு. காய்கறியையும் இறாலையும் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் டெம்புரா, போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்ற முறையிலிருந்து வளர்ந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அதே நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் குடியேறியிருந்தனர். சென்னையின் ஜப்பானிய உணவகத்துக்கு முதன்முறை செல்பவர் டெம்புராவைப் பார்த்ததும் பஜ்ஜியை நினைப்பது வழக்கம். கடலை மாவுக்குப் பதில் கோதுமை மாவும் குளிர்ந்த நீரும் சேர்த்து, மாவை அதிகம் பிசையாமல் விடுவதால் அதன் மேலோடு மெல்லியதாக நிற்கிறது.

ஜப்பானிய உணவகமும் இறாலும்

இன்று உலகெங்கும் அறியப்படும் கைப்பிடிச் சுஷி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடை உணவாக உருவானது. அதைப் பரப்பியவராக ஹனயா யோஹேய் என்ற சமையல்காரரின் பெயரைச் சொல்வது மரபு. அதற்கு முன்பிருந்த நரேசுஷி, மீனை உப்பும் சோறும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. சோறு மீனைக் கெடாமல் காக்கும் பொருளாகவே அதில் இருந்தது. பின்னர் புளிக்கும் காலம் குறைந்துகொண்டே வந்து, சோற்றில் வினாகிரி கலந்தால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. 1958இல் யோஷியாக்கி ஷிராயிஷி ஒசாகா பகுதியில் சுழலும் பட்டையில் தட்டுகள் நகரும் சுஷிக் கடையைத் திறந்தார். விலை குறைந்ததால் சுஷி எளிய குடும்பங்களின் உணவும் ஆனது.

இறாலுக்கு ஜப்பானியப் பண்பாட்டில் தனி இடம் உண்டு. அதன் பெயரான 'எபி' என்பதை எழுதும் எழுத்துகளுக்குக் 'கடலின் முதியவர்' என்று பொருள். நீண்ட மீசையும் வளைந்த முதுகும் நீண்ட ஆயுளின் அடையாளமாகக் கருதப்பட்டன. புத்தாண்டு, திருமணம் போன்ற நாட்களில் இறால் பரிமாறுவது மங்கலம். நெடுங்காலம் அது விலையுயர்ந்த, எப்போதாவது உண்ணும் உணவாகவே இருந்தது. போருக்குப் பின் நாட்டின் வருமானம் உயர்ந்தது. 1961இல் இறால் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின் டெம்புராவாகவும் சுஷியாகவும் ரொட்டித்தூளில் தோய்த்துப் பொரித்த எபி ஃபுரையாகவும் இறால் அன்றாட உணவகப் பட்டியலில் இடம்பிடித்தது. இந்தத் தேவையை ஜப்பானியக் கடலால் நிறைவேற்ற முடியவில்லை. இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் கரைகள் ஜப்பானுக்காக இறால் பிடித்தன. யோஷினோரி முராயி 1988இல் வெளியிட்ட 'இறாலும் ஜப்பானியரும்' என்ற பொருள்படும் நூல், ஜப்பானியரின் தட்டில் உள்ள இறாலைப் பிடித்தவர் யார், வளர்த்தவர் யார் என்ற கேள்வியை அந்நாட்டு வாசகர்முன் வைத்தது.

இறாலைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் அறிவியலும் ஜப்பானில் தொடங்கியது. மோட்டோசாகு ஃபுஜினாகா 1934இல் குருமா இறாலின் முட்டையைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்த்தார். பிற்காலத்தில் ஆசியக் கரைகளெங்கும் தோன்றிய இறால் பண்ணைகளுக்கு இந்த ஆய்வே அடித்தளம்.

ஏரியிலிருந்து டோக்கியோவுக்கு

குளிர்பதனம் வருவதற்கு முன் இந்தியாவில் இறாலுக்குப் பெரிய விலை இல்லை. பிடித்தது உள்ளூரில் விற்றது. மிஞ்சியது கருவாடாகக் காய்ந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனது. 1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் முதன்முறையாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. அதன்பின் கரையோர நகரங்களில் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் பெருகின. 1972இல் மத்திய அரசு கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தைக் கொச்சியில் நிறுவியது. 1980களிலும் 1990களிலும் இந்தியக் கடலுணவின் மிகப் பெரிய சந்தை ஜப்பானே. அனுப்பிய பொருளில் மதிப்பு மிக்கது இறால்.

இவ்வணிகத்தின் நடைமுறை எளிமையானது. கரையில் வாங்கும் முகவர் இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவார். தொழிற்சாலையில் தலை நீக்கி, கழுவி, அளவு பிரிப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை இறால் என்பதே அளவு. எண்ணிக்கை குறையக் குறைய விலை கூடும். பின்னர் நீரோடு சேர்த்துக் கட்டியாக உறைய வைத்து அனுப்புவார்கள். இறாலைத் தரம் பிரித்த பெண்களின் கைவேகம் இத்தொழிலின் முதுகெலும்பாக இருந்தது.

ஏரியின் ஊர்களில் இதன் விளைவு இருவகைப்பட்டது. இறால் பணமாக மாறியது. நைலான் வலை, புதிய படகு, கல்வீடு ஆகியவற்றுக்கு அப்பணம் உதவியது. மறுபக்கம், முன்பு வீட்டுக் குழம்புக்குப் போன பெரிய இறால் இப்போது முகவரின் பெட்டிக்குப் போனது. பிடித்தவர் வீட்டில் சிறிய இறாலும் கூனியும் மட்டுமே மிஞ்சின. பாட்டின் நிலையும் மாறியது. இறால் கிடைக்கும் பாடு என்றால் அது நல்ல வருமானத்துக்கு உறுதி என்றானபோது, அந்த முறையில் இடம் பெற்ற ஊர்களுக்கும் இடம் பெறாத ஊர்களுக்கும் இடையே பூசல் கூடியது. மீனை நியாயமாகப் பங்கிட எழுந்த ஒழுங்கு, எவருக்குப் பங்கு என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியதாயிற்று. முகவரிடம் முன்பணம் வாங்கியவர் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே இறாலைக் கொடுக்க வேண்டியிருந்தது. டோக்கியோவில் விலை ஏறினால் அதன் முழுப் பயனும் கரைக்கு வந்து சேர்வதில்லை; இறங்கினால் அதன் சுமை உடனே வந்து சேர்ந்தது.

பண்ணைகளும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

1980களின் இறுதியிலிருந்து ஆந்திர, தமிழகக் கரைகளில் புலி இறால் பண்ணைகள் விரைவாகப் பெருகின. பழவேற்காட்டைச் சுற்றிய நிலங்களும் இதற்கு விலக்கன்று. பண்ணைக்கு உவர்நீர் வேண்டும், தாழ்ந்த நிலம் வேண்டும், கழிவுநீரை விட இடம் வேண்டும். இம்மூன்றும் ஏரிக்கரையில் இருந்தன. பண்ணை உவர்நீர் பக்கத்து வயலிலும் கிணற்றிலும் ஊறியதாகவும், கழிவுநீர் ஏரி மீனைப் பாதித்ததாகவும், கரைக்குச் செல்லும் வழி அடைபட்டதாகவும் கரையோர மக்கள் பல மாவட்டங்களில் முறையிட்டனர். 1994 - 95இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகளில் இறால் கூட்டமாகச் செத்தது. கடன் வாங்கி முதலிட்ட பலர் நொடித்தனர்.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தஞ்சை, நாகைப் பகுதிகளின் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடி, 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய அமர்வு தீர்ப்பு வழங்கியது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த பண்ணைகளை அகற்றுமாறு அது ஆணையிட்டது. மரபான, மேம்படுத்தப்பட்ட மரபான முறைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றும் கூறியது. ஏரியின் ஊர்களுக்கு இத்தீர்ப்பு முக்கியமானது. நீரை நம்பி வாழ்வோரின் உரிமை ஏற்றுமதி வருமானத்துக்கு இணையாக எடைபோடப்பட்டது.

தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. மறுஆய்வு மனுக்கள் தாக்கலாயின. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு பெற்ற பண்ணைகள் விதிகளுக்கு உட்பட்டு நடத்தப்படலாம் என்ற நிலை உருவாயிற்று. 2009இல் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே புலி இறாலின் இடத்தை வனாமி பிடித்தது.

ஜப்பானியச் சந்தையின் பங்கும் இதற்கிடையே சுருங்கியது. 1990களில் ஜப்பானின் பொருளாதாரம் தேங்கியது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கா முதன்மைச் சந்தையானது. 2012இல் இந்திய இறாலில் எத்தாக்சிகுயின் என்ற தீவனப் பாதுகாப்புப் பொருளின் எச்சம் இருப்பதாக ஜப்பான் கண்டறிந்து சோதனையைக் கடுமையாக்கியது. ஏற்றுமதியாளர் மீண்டும் ஒருமுறை வாங்குபவரின் விதியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சென்னையில் ஜப்பானிய உணவகம்

ஜப்பானிய உணவு தமிழகத்துக்கு வந்தது தொழிற்சாலைகளின் வழியாக. 1998இல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை திறக்கப்பட்டது. உதிரிபாக நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. இவற்றில் பணியாற்ற வந்த ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் தங்கள் நாட்டு உணவு வேண்டியிருந்தது. நுங்கம்பாக்கத்தில் உள்ள டாலியா நகரின் பழைய ஜப்பானிய உணவகங்களுள் ஒன்று. பின்னர் நகரின் தென்பகுதியிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் உள்ள விடுதிகளிலும் ஜப்பானிய உணவு கிடைக்கத் தொடங்கியது. இவற்றின் மதிய உணவு பெரும்பாலும் 'தெய்ஷோகு' என்ற அமைப்பில் இருக்கும். சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு முதன்மைப் பதார்த்தம் ஆகியவை ஒரே தட்டில் வரும். தமிழர் இதை அளவுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டு எளிதில் புரிந்துகொண்டனர்.

தமிழ் வாடிக்கையாளர் வரத் தொடங்கியதும் பட்டியல் சற்றே வளைந்தது. வெள்ளரிக்காய்ச் சுருள் சுஷியும் காய்கறி டெம்புராவும் சைவர்களுக்காக முன்னுக்கு வந்தன. ஆயினும் மிசோ சூப்பின் அடிப்படையான 'தாஷி' சாறு பெரும்பாலும் மீனிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினர் கேட்டு அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பச்சை மீனைப் பரிமாறுவதற்கும் விதி உண்டு. ஒட்டுண்ணிகளை அழிக்க மீனைப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் 7 நாட்கள் உறைய வைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அன்று காலை கரையேறிய மீன் என்பதால் மட்டும் அது பச்சையாக உண்ணத் தகுந்ததாகிவிடாது.

தாஷிக்குப் பயன்படும் கட்சுவோபுஷி தமிழருக்கு முற்றிலும் அந்நியமன்று. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் காயவைத்து, சீவிப் பயன்படுத்துவது அது. அதே இன மீனை ஏறக்குறைய அதே முறையில் காயவைத்த மாசிக் கருவாடு மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் செய்யப்பட்டு, தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சம்பலாகவும் பொடியாகவும் உண்ணப்படுகிறது. மாசியை அறிந்த நாக்குக்கு மிசோ சூப்பின் அடிச்சுவை விளங்கிவிடும்.

ஏரிக்கரைக்கு வந்த ஜப்பான்

2008இல் தொடங்கிய ஸ்ரீ சிட்டி தொழில்நகரம், தடாவை ஒட்டி ஆந்திர எல்லைக்குள் உள்ளது. சுண்ணாம்புக்குளம் போன்ற ஏரிக்கரை ஊர்களுக்கு இது அருகிலேயே இருக்கிறது. இசுசு 2016இல் இங்கு வாகன ஆலையைத் திறந்தது. கோபெல்கோ, யூனிசார்ம், டைகின் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும் இங்கு உள்ளன. தமிழக எல்லைக்குள், கும்மிடிப்பூண்டிப் பகுதியில், மகிந்திரா நிறுவனமும் ஜப்பானின் சுமிதோமோவும் இணைந்து ஒரு தொழிற்பூங்காவை அமைத்தன. அங்கு குளிர்சாதன ஆலை நிறுவ மிட்சுபிஷி எலக்ட்ரிக் 2023இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது.

முன்பு ஜப்பானை விலையாக மட்டும் அறிந்த வட்டாரம், இப்போது அதை வேலையளிப்பவராகவும் அறிகிறது. மீனவ ஊர்களின் இளைஞர்களுக்குத் தொழிற்சாலை வேலை ஒரு வழி. ஏரியில் பிடி குறையும் ஆண்டுகளில் அது அவசியமான வழியும் ஆகிறது. ஆனால் நிரந்தரப் பணியா ஒப்பந்தப் பணியா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஏரியின் உடல்நிலையோ தொழிற்சாலைகளால் ஈடுசெய்யக் கூடியதன்று. முகத்துவாரம் தூர்வது, ஆறுகளின் நன்னீர் வரத்துக் குறைவது, கழிவு கலப்பது ஆகிய மூன்றும் இறாலின் வரவைத் தீர்மானிக்கின்றன.

மதிப்பீடு

நகரத்து ஜப்பானிய உணவகத்தில் இன்று தட்டில் வரும் இறால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வனாமி. ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே விலையில் கிடைப்பது அதன் வசதி. ஏரியின் வெள்ளை இறால் பருவத்துக்கு ஏற்ப வருவது, அளவில் மாறுவது. அதன் தனிச்சுவைக்கு உள்ளூரில் மதிப்பு உண்டு. ஆயினும் அதை ஊர்ப் பெயரோடு விற்கும் வழக்கம் உணவகங்களில் வேரூன்றவில்லை. ஜப்பானில் மீனும் நண்டும் பிடிபட்ட துறைமுகத்தின் பெயராலேயே விலை பெறுவது உண்டு. 2013இல் ஜப்பானின் மரபுணவான 'வாஷோகு' யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது, பருவத்தையும் இயற்கையையும் மதிப்பது அதன் அடிப்படையாகச் சொல்லப்பட்டது.

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், எந்தப் பருவத்தில் எது பிடிக்க வேண்டும், எவர் எந்த நாளில் வலையிட வேண்டும் என்று வகுத்த பாடு முறையும், வலையே இல்லாமல் கைத்தடவலால் பிடிக்கும் இருளரின் அறிவும் அதே மதிப்புக்கு உரியவை. ஏரி இறாலுக்கு அருகிலேயே, 50 அல்லது 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை உணவகங்களில், அதன் ஊர்ப் பெயரோடு இடம் கிடைக்குமானால், விலையின் பெரும்பங்கு பிடித்தவரிடம் தங்க வாய்ப்பு உண்டு. அதற்குக் கரையில் ஐஸ் வசதி, சுத்தமான இறங்குதளம், முன்பணக் கடனிலிருந்து விடுதலை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திறந்த முகத்துவாரம் ஆகியவை வேண்டும். சமையல் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், ஏரிக்குள் குஞ்சு வரும் வழி அடைபட்டால் அந்தத் தட்டில் பழவேற்காட்டு இறால் இராது.